ஆகாயத்துக்கு ஏறிய கிணற்றுத் தண்ணீர்

கழுத்து மாலையின் பாரத்தோடு இந்த அவையின் பாரத்தையும் சுமந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, மின்சாரச் சிக்கன விழாவுக்குப் பட்டப்பகலில் பந்தல் முழுக்க டியூப் லைட் எரியவிட்டிருக்கும் விழாக் குழுவினரே, சங்கரன்கோவில் பெரியோர்களே, உலையை இறக்கிவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, அத்தனை பேருக்கும் அடக்கமான வணக்கம்.

அணைக்காண்டாம் தம்பி, எரியட்டும். பேசுதவன் மூஞ்சி தெரியணும்லா.

கரிவலம்வந்தநல்லூரில் ராமசுப்பு என்றொரு சம்சாரி. கிணறு உண்டு, மோட்டார் உண்டு, மிளகாய்த் தோட்டம் உண்டு. அந்த மிளகாயை நம்பித்தான் மகளின் கல்யாணம். சிவகிரியில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. ஆனால் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. பூத்த செடி வாடுகிறது. ஏன் வாடுகிறது? கிணறு வற்றியதா? இல்லை. மோட்டார் மக்கரா? இல்லை. மனுஷன் தண்ணீரை ஆகாயத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்!

தண்ணீர் கொட்டும் குழாய் ஆள் உயரத்துக்கு மேலே. ராஜபாளையம் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து வாய் பிளக்க வேண்டுமாம். சிரிக்கவுக, உங்க கிணத்துக் குழாய் எம்புட்டு ஒசரம்னு சொல்லிட்டுச் சிரிங்க.

பிரசார ஜீப்பில் மின்வாரிய அதிகாரி வந்தார். கிணற்றடிக்கே இறங்கினார். கிணற்றுக்குள் குழாயின் அடியில் கிடந்த பழைய ஃபுட்வால்வை மாற்றித் தந்தார். குழாயை வாய்க்கால் மட்டத்துக்கு அறுத்தால் அதே கரண்டில் கூடுதல் தண்ணீர் என்றார். வால்வை வாங்கிக்கொண்ட ராமசுப்பு, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கொழாயக் கொறைச்சா கெணறு வத்திப்போச்சும்பாங்க சார். எம் மகளை எவன் கட்டுவான்?"

அவர் சம்சாரம் வள்ளித்தாய் குறுக்கே வந்தாள்.

"கொழாயப் பாக்கவன் பஸ்ஸுல போயிருதான். வாடுத செடிய நாமல்லா பாக்கோம்? அறுங்க சார்."

அறுத்தார்கள். தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது, சாய்ந்து ஓடியது, கரண்ட் போகுமுன் கடைசிப் பாத்தியில் போய் நின்றது. ஊர் சும்மா இருக்குமா? கிணறு செத்துவிட்டதென்று துக்கம் விசாரிக்க வந்தது. சேதி சிவகிரிக்கும் போய், மாப்பிள்ளையின் தகப்பனாரே இறங்கிவிட்டார். ராமசுப்பு அவரைக் கடைசிப் பாத்திக்குக் கூட்டிப்போனார். வந்தவர் செருப்பு சேற்றில் புதைந்தது. சுற்றிலும் பச்சை. குழாயை அறுத்த கதையைக் கேட்டுவிட்டு, ராமசுப்புவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கல்யாணத் தேதியப் பெறவு பாப்போம். அந்த ஆபீசர் சிவகிரிக்கும் வருவாரா? எங்க கொழாய் ஒங்களதவிட ஒசரம்."

பெருமக்களே! உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பஸ்ஸுக்கு வேடிக்கை; தூரத்துக்குப் பாயும் தண்ணீர்தான் நமக்குச் சோறு! அறுப்போமா? ஏலே, கையத் தட்டாத, ரம்பத்த எடு.

இருக்கிற கரண்டில் அடுத்தவரும் பேச வேண்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.