கதவுக்கு இந்தப் பக்கம்

— முனையைப் பிடிங்க அண்ணி. அது இல்ல, அந்த முனை.

— பிடிச்சிருக்கேன்டி. நீ சொல்லு. கதவைத் தட்டினான்... அப்புறம்?

— மொதல்ல போர்வையை உதறுவோம்.

— உதறியாச்சு. அப்புறம்?

— இன்னிக்கு என்ன இவ்வளவு அவசரம்?

— நேத்து டிவி நாடகத்துக்குக் கடைசி நாளாச்சே! இத்தனை மாசமா பிழியப் பிழிய அழுதவ. விட்டுட்டுப் போன புருஷன் வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவான்னு தெரிய வேண்டாமா?

— நீங்களே பார்த்திருக்கலாம்.

— எப்படிப் பார்ப்பேன்? ராத்திரி அது ஓடுற நேரத்துல நீ என் பாப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருப்ப. நான் இந்த லாட்ஜ் துணியெல்லாம் மெஷின்ல போட்டுக்கிட்டு இங்க இருப்பேன். மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து மடிக்கிறோம் பாரு, இந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நாடகம்.

— ம்...

— என்ன ம்? மாடி ரூம் பெருக்குறவ சொல்றா, அந்த நாடகத்தைப் பார்க்கிறதுக்கு இந்த மெஷின் சுத்துறதைப் பார்த்துக்கிட்டு இருக்கலாமாம். ஒருத்தி திரும்பிப் பார்க்கிறதையே மூணு தடவை காட்டுறானாமே?

— மூணா? போன வாரம் அஞ்சு தடவை. நடுவுல இடி வேற.

— ஆனா நீ சொன்னா மட்டும் எப்படிடி இவ்வளவு நல்லா இருக்கு?

— அது... இடியை விட்டுட்டுச் சொல்றேன்ல.

— சிரிக்க வைக்காத, மடிப்பு கோணுது பாரு.

— குடுங்க இப்படி. அய்யோ, சூடு. இப்பதான் எடுத்தீங்களா?

— ம். கன்னத்துல வச்சுப் பாரு... எனக்கு இந்த நேரம் ரொம்பப் பிடிக்கும்டி. ஆவி அடங்காம இருக்கும். வெள்ளை வெள்ளையா தொங்கும். நீ சொல்லச் சொல்ல, அந்தப் பொண்ணு இந்தத் துணிங்களுக்கு நடுவுலதான் நடந்து போற மாதிரி இருக்கும். முகம்கூடத் தெரியும்.

— எப்படி இருப்பா?

— அழ மாட்டா. அது மட்டும் தெரியும்.

— இந்த முனையைப் பிடிங்க.

— ஒரு நாள் மாமியார்கிட்ட சொன்னாளே, "என்னை உக்காரச் சொல்ல வேண்டாம், நிக்கிற இடத்தையாவது சுருக்காதீங்க"ன்னு. அதையே நெனச்சுக்கிட்டு பஸ்ல இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன்.

— அதுவா... ஆமா. சொன்னா. சொன்னா.

— என்னடி முகம் ஒரு மாதிரி போகுது?

— அண்ணன் மறுபடி போன் பண்ணுச்சு அண்ணி.

— தெரியும்.

— எங்க நிக்குதுன்னும் தெரியுமா?

— பின் கேட்டுக்கு எதிர்ல, சைக்கிள் விடுற இடத்துல. ஜன்னல் வழியா பார்த்தேன். இளைச்சுப் போயிட்டாரு உங்க அண்ணன்.

— காலைலேர்ந்து நிக்குது.

— நிக்கட்டும். பாப்பா தத்தித் தத்தி நடந்தப்ப போனவரு. இப்ப அவ சைக்கிள் ஓட்டுறா. கொஞ்ச நேரம் நின்னா கால் ஒண்ணும் தேஞ்சு போயிடாது.

— நான் ஒண்ணும் சொல்லலையே...

— உன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்காரு?

— ஒண்ணும் இல்ல.

— ஏய்.

— "அண்ணி மனசைக் கொஞ்சம் கரைச்சு வை, வந்தா வீட்டுக்குள்ள சேர்த்துக்கணும்"னுச்சு.

— கரைச்சாச்சா?

— விளையாடாதீங்க அண்ணி. எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். நீங்களும்... நான் நடுவுல நின்னுக்கிட்டு...

— சரி, சரி. கண்ணைத் துடை. போர்வை நனைஞ்சா மறுபடி நான்தான் காய வைக்கணும். கதைக்கு வா. தட்டினான். அவ?

— அவ... உள்ள நின்னா.

— திறந்தாளா?

— அந்தத் தலையணை உறையை இப்படித் தள்ளுங்க.

— திறந்தாளா, இல்லையா?

— திறக்கல.

— ஓ.

— தாழ்ப்பாள்ல கை வச்சா. வச்ச கை அப்படியே இருந்துச்சு. வெளியில மழை...

— மழையா?

— நாடகத்துல அண்ணி.

— பெய்யட்டும், பெய்யட்டும். சொல்லு.

— "நான்தான், வந்துட்டேன்"னான். அவ சொன்னா, "வந்தது தெரியுது. போறப்ப ஏன் சொல்லிட்டுப் போகல, அதை மொதல்ல சொல்லு."

— நீ, வா, போன்னா?

— நடுவுல கதவு இருந்துச்சுல்ல... தைரியம் வந்துடுச்சு.

— அவன்?

— பேச்சை மாத்தினான். "குழந்தையைப் பார்க்கணும்"னான்.

— பார்த்தியா! குழந்தையைச் சாக்கு வச்சு உள்ள வரப் பார்க்கிறான். அதுக்கு அவ?

— அவ... மெதுவா சொன்னா. "தினமும் வா. வாசல்ல உக்காரு. குழந்தைக்கு நீ யாருன்னு நான் சொல்லித் தர மாட்டேன். அவளா வந்து கேட்டா நீயே சொல்லிக்கோ. நான் கேட்டதுக்குப் பதில் வர்ற வரைக்கும் என் வீட்டுக்குள்ள உனக்கு இடம் இல்ல."

— இவ்வளவும் பேசினாளா?

— பேசினா அண்ணி. அழாம. குரல்கூட ஒசரல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன... அவ உள்ள, அவன் வெளியில. மழை மெல்ல விட்டுச்சு. ஜன்னல் கண்ணாடில தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு... முடிஞ்சுடுச்சு.

— சேர்ந்தாங்களா இல்லையான்னு காட்டாமலேவா?

— அதை அவகிட்டயே விட்டுட்டாங்க.

— சரி. இந்த முனையையும் நீயே பிடி.

— அண்ணி? எங்க போறீங்க? இன்னும் அரை வண்டி துணி கிடக்கு.

— கீழ. பின் கேட்டுக்கு.

— எதுக்கு? அண்ணி, நில்லுங்க... நான் சொன்னது வெறும் நாடகம். அதைக் கேட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஏதாவது...

— நாடகமா? மறுநாள் காலைல அதையே திரும்பப் போடுறான்டி. நீ அந்த நேரம் இங்க வேலைல இருப்ப, உனக்கு எங்க தெரியும்? ஆரம்பத்துலேர்ந்து ஒரு நாள் விடாம பார்த்துட்டு, மனசு வெறுத்துப் போய்த்தான் உன்கிட்ட கேட்க வருவேன். இன்னிக்கும் பார்த்தேன். அவன் தட்டி முடிக்கல, ஓடிப் போய்த் திறந்து கால்ல விழுந்தா. எல்லாரும் வரிசையா நின்னு சிரிச்சாங்க, போட்டான் சுபம். அதை அப்படியே சொல்லியிருந்தா உங்க அண்ணன் வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். அவரு கூடப் பொறந்தவ என்ன சொல்லப் போறான்னு கேக்கத்தான் வந்தேன்... நீ அவளைத் திறக்க விடலையேடி. அது போதும் எனக்கு. போய்க் கேட்டுட்டு வரேன், ஏன் சொல்லாம போனாருன்னு.