உப்புப் போட்ட ஐஸ்

காசிமேட்டில் மீன் பெட்டி கட்டுகிறவர்கள் ஐஸின் மேல் இரண்டு கை கல்லுப்பு தூவுவார்கள். குளிர் இன்னும் இறங்கி மீன் விறைத்துவிடும். இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. பி.எஸ்ஸி இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டவன் நான். தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ஆறு வருடமாக இரவு வேலை.

ராசையா என் தங்கை மதியின் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். 2006 மார்ச்சில் மாரடைப்பு வந்து இதயத்தில் பாதிச் சதை செத்துப்போனது. அது திரும்ப வளராது. இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து இதயத்தில் செலுத்தினால் ஒருவேளை தேறலாம் என்றார் டாக்டர். பிரிக்கும் வேலை எங்களிடம் வந்தது.

மஜ்ஜை எடுத்த அன்று மாலை, வார்டில் நர்சுகள் முன்னால் ராசையா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மச்சான், படிப்ப வுட்ட மாரி என்னயும் பாதில வுட்றாத."

எல்லோரும் சிரித்தார்கள். மதியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

விடிவதற்குள் பிரித்து முடித்தேன். ஒரு துளியில் நீலச் சாயம் விட்டு எண்ணினேன். செத்த செல்தான் நீலமாகும். நூற்றில் தொண்ணூற்றாறு உயிரோடு இருந்தன. பையை ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். குளிர்ந்திருக்கலாம், உறையக் கூடாது. நான் உப்பு தூவினேன். ஒரு மணி நேரத்தில் பை கல்லாகியிருந்தது. உருகவிட்டு இன்னொரு துளி பார்த்தேன். எல்லாம் நீலம். அந்த எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதினேன். வேலையில் பொய் எழுதும் பழக்கம் எனக்கில்லை. அதைப் பார்த்துத்தானே நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பிறகு உப்பில்லாத புது ஐஸில் வைத்து அனுப்பினேன். அன்றைக்கே செலுத்தினார்கள்.

நாற்பது நாள் மூச்சு வாங்கிக் கிடந்து ராசையா செத்தார். டாக்டரே ஒருவேளை என்றுதான் சொல்லியிருந்தார். உறுதியான எதையும் நான் பறித்துவிடவில்லை.

மதியை அடிப்பாரா என்று கேட்டீர்கள். இல்லை. குடியும் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எதற்கும் அவள் அவரைத்தான் கேட்டாள். நான் அவள் அண்ணன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே எனக்கு நீதாண்ணா கீற," என்றாள். என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். அவளை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்து வருடங்களாகியிருந்தன.