‘ங்க’ இல்லாத கேட்டு

— ‘நில்லு. மூஞ்சியக் காட்டு. உள்ள போ.’ அவ்வளவுதான் சொல்லும் கண்ணு, எங்க மில்லு கேட்டுல இருக்கற மிஷினு. அதுக்கு எங்கூட வேலை செய்யற மாசாணம் ‘வாரேனுங்க’ன்னு சொல்லிப்போட்டுத்தான் உள்ள போவான். பின்னாடி நிக்கறவனுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

— எந்த மில்லுங்கப்பா? சூலூர்ல புதுசா சேர்ந்தீங்களே, அங்கயா?

— அங்கதான் அம்மணி. தோட்டத்து வேலைய உட்டுப்போட்டு வேறெங்க போனேன்? மூஞ்சியப் பார்த்து அட்டென்டன்ஸ் போடற மிஷினு, போன வாரந்தான் மாட்டுனாங்க. ஏன் மெர்சி, சோத்தத் தொடவே இல்ல?

— பசிக்கலீங்கப்பா. வேற என்ன சொல்லுதுங்க அது?

— நமக்கு அவ்வளவுதான். ஆபீஸ் கேட்டுல ஒண்ணு இருக்குதாமா, அது நல்ல மிஷினு. ‘நில்லுங்க, உள்ள போங்க’ன்னு என்னா மரியாதைங்கறாங்க! நம்முளுது பழைய மிஷினாட்ட இருக்குது.

— பழசு இல்லீங்கப்பா. ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் புரோகிராம் எழுதுனதே நான்தானுங்க.

— அட! எங்கிட்டச் சொல்லவே இல்ல? நாளைக்கே எல்லார்த்துகிட்டயும் சொல்றேன் பாரு!

— வேண்டாங்கப்பா. சொல்லிடாதீங்க.

— ஏன் கண்ணு?

— உள்ள ‘மரியாதை’ன்னு ஒரு ஃபிளாக் வெச்சிருக்கேனுங்க. அதை ஆன் பண்ணி மிஷினுக்குப் புரோகிராமைக் கட்டுனா பேச்சுல ‘ங்க’ சேர்ந்து வரும். ஆஃப் பண்ணிக் கட்டுனா வராது. உங்க கேட்டுக்கு ஆஃப் பண்ணிட்டேனுங்க.

— சுச்சு மாதிரியா? அப்ப வாட்ச்மேன்கிட்டச் சொன்னாத் தட்டி உட்டுருவானே.

— அங்க சுவிட்சே கிடையாதுங்க. கட்டறப்பவே ‘ங்க’வை விட்டுப்போட்டேன். பொட்டியப் பிரிச்சுப் பார்த்தாலும் உள்ள இருக்காது.

— சன்னலே வெக்காமச் செவுரு கட்டுனாப்பல. ஏன் அம்மணி அப்படி?

— மில்லுல கேட்டாங்க. லேபர் கேட்டுல கூட்டம் சேருது, பேச்சு சுருக்கமா இருக்கட்டும்னு.

— ஒரு ‘ங்க’ சொல்ல எத்தனை நேரமாயிரும்?

— கண்ணச் சிமிட்டற நேரங்கூட ஆகாதுங்க. அது தெரிஞ்சேதான் சரின்னேன். நீங்க அங்க சேருவீங்கன்னு தெரியாதுங்கப்பா. தெரிஞ்சிருந்தா ஆன் பண்ணியிருப்பேன்.

— அப்ப எங்கூட வேலை செய்யற மாரியாத்தாளுக்கு? எனக்கு மூத்தவ. அவளையுந்தான் ‘போ’ங்குது.

— வெக்கமா இருக்குதுங்கப்பா. தலை நிமிர முடியல. நாளைக்கே ஆன் பண்ணிப் புதுசா ஏத்திப்போடறேன். வேலை போனாலும் போகட்டும்.

— கிறுக்கு, வேலைய எதுக்கு உடறே? மிஷினு பேசி என்னைய என்ன பண்ணிப்போடும்? ஆனா ஒண்ணு கண்ணு. அந்தக் கொரலக் கேட்டா தோள்ல கெடக்கற துண்டு தானாக் கைக்கு வந்துருது. இடுப்பு வளைஞ்சுருது. முந்தி வேலை செஞ்ச தோட்டத்துக்காரரு சம்சாரம், அந்தத் தோட்டத்தம்மா கூப்பிட்டாப்பலயே இருக்குது. அந்தம்மாளத்தான் கூட்டியாந்து பேச வெச்சாங்களா?

— இல்லீங்கப்பா. எங்க ஆபீஸ்ல பேசி எடுத்ததுதான்.

— பேசுனது ஆரு?

— நான்தானுங்க.

— போ கண்ணு, உன்ற கொரலு எனக்குத் தெரியாதா? ‘நில்லு’ங்கறது உன்ற வாயில வருமா?

— வரலீங்கப்பா. எத்தனை தடவை பேசுனாலும் ‘நில்லுங்க’ன்னேதான் வந்துச்சு. கடைசியில கண்ண மூடிட்டு, தோட்டத்தம்மா உங்களக் கூப்பிடறத நினைச்சுக்கிட்டேன். ஒரே தடவையில வந்துருச்சுங்க.