பூமியைச் சுற்றிய ‘அவர்களே’

ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? ஆம்புலன்ஸ் தொடக்க விழாவுல விண்வெளிக் கதையான்னு சிரிக்காதீங்க... கேளுங்க.

ஆள் ஏறிப் போற விண்கலம் ஒண்ணு. ஒரு தடவையோட தீர்ந்து போறதில்ல... நம்ம டவுன் பஸ் மாதிரி போகும், வரும், மறுபடி போகும். உள்ளே ரெண்டே பேர். கேப்டன் மாசிலாமணி, இன்ஜினியர் ஸ்டெல்லா. சுமை ஒரு செயற்கைக்கோள். எதுக்கு? புயல் வந்தா படகுகளுக்குச் சொல்ல. அன்னிக்குக் கடல்ல காத்து சுழல ஆரம்பிச்சிருச்சு. ஸ்டெல்லாவோட அண்ணன் படகுல இருக்கான்.

சரியான இடம் வந்ததும் எட்டு நிமிஷத்துக்குள்ள பட்டனை அழுத்தி அதை வெளியே விடணும். தவறினா? பூமியை இன்னொரு சுத்து... ஒன்றரை மணி நேரம்!

கேப்டன் மைக்கைப் பிடிச்சார். கீழே நேரடி ஒளிபரப்பு. “தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே... முன்னிலை வகிக்கும் துணைத் தலைவர் அவர்களே...” அவர்களே, அவர்களே, அவர்களே... எட்டு நிமிஷம் போச்சு!

ரெண்டாவது சுத்து. பாதியில கீழேருந்து ஒரு குரல். “என்ன கேப்டன், பொருளாளர் பேரை விட்டுட்டீங்க? மனுஷன் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்!”

“ஐயையோ, உட்காரச் சொல்லுங்க. முதல்லேருந்து சொல்றேன்!”

போச்சு.

மூணாவது சுத்து. எரிபொருளுக்கு அதான் கடைசி. ஸ்டெல்லா அழுறா. “சார்... எங்க அண்ணன் கடல்ல இருக்கான் சார்!”

“இரும்மா, அவரை விடுவேனா? ... கடலில் வீற்றிருக்கும் அண்ணன் அவர்களே...”

ஸ்டெல்லா என்ன செஞ்சா? யாரையும் கேட்கல. அழுத்திட்டா! செயற்கைக்கோள் கிளம்பிருச்சு. படகுக்குத் தகவல் போச்சு, அண்ணன் கரை சேர்ந்தான். கேப்டன்? அவர் கவனிக்கவே இல்ல. தரையிறங்கினப்புறம் மாலையோட வந்தவங்ககிட்ட, “இருங்க... நன்றியுரை பாக்கியிருக்கு”ன்னாராம்.

எதுக்குச் சொல்றேன்? மரியாதை வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்கும்போது நம்ம மரியாதையெல்லாம் வரிசையில பின்னாடி போய் நிக்கணும்... நிக்கணுமா இல்லையா? வெளியே பாருங்க. நம்ம ஊரோட முதல் ஆம்புலன்ஸ், ரிப்பன் கட்டி ஒரு மணி நேரமா நிக்குது. மேடையில இன்னும் ஆறு பேர் பேசணும். மேலத்தெருவுல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலின்னு இப்பத்தான் என் கையில சீட்டு வந்துச்சு.

டிரைவர் அமலன்... ரிப்பன் அறுந்தா அறுந்துட்டுப் போகுது. வண்டியை எடுப்பா!