ரிக்கார்டு உறையில் இருந்த சீட்டு

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் முன்பு கல்யாணங்களுக்கு ரேடியோ செட் கட்டியவர் என்பது பேச்சில் தெரிந்தது. பரணில் கிடைத்த பழைய ரிக்கார்டுகளைச் சி.டி.யில் பதியக் கொண்டுபோனார். அந்த அம்மா ஓர் உறையிலிருந்து பழுத்த காகிதம் ஒன்றை உருவினார்.

“‘இந்தப் பாட்டை இன்னொரு தடவை போடவும். செல்வி.’ யாருங்க இந்தச் செல்வி?”

“கல்யாண வூட்ல பாட்டு கேட்டுச் சீட்டு குடுப்பாங்க புள்ள. நூறு பேரு குடுப்பாங்க.”

“மீதித் தொண்ணூத்தொம்பது சீட்டு எங்க? இவளுக்கு மட்டும் உறை போட்டு வச்சிருக்கீங்களே.”

“புடிக்கலன்னா கிழிச்சுப் போடு.”

“நான் ஏன் கிழிக்கிறேன்? பத்திரமா வைங்க.”

பஸ் குன்னம் தாண்டியதும் அந்த அம்மா சொன்னார்.

“எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் செட்டு கட்டுனீங்க. அன்னிக்கு நானும் மூணு சீட்டு குடுத்தேன்.”

கணவர் ஒவ்வோர் உறையாக விரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அரியலூர் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

எழுதிய நாள்: ஆடிப்பெருக்கு, 2004.