கிழவனின் சம்மதம்

— நாய்க் கயித்தைத் தளர்த்துங்க, டிரைவர் சார். நீங்க விறைச்சா உங்க பயில்வானும் விறைப்பான்.

— பிரேக்குல காலை வச்சே பழகிட்டேன், டெய்லரம்மா. என்ன பண்றது. இந்தா, விட்டுட்டேன். உங்க கிழவன் எங்க?

— மெஷினுக்கு அடியில படுத்திருக்கான்.

— நேரா விஷயத்துக்கு வர்றேன். அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாள் கேக்கட்டுமா?

— கிழவன் ஒத்துக்கணும்ல. இந்த வயசுல அவன் நிம்மதியைக் கெடுத்துட்டு எனக்கென்ன கல்யாணம்?

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.

— மறந்துபோச்சா? முதல் நாள் உங்க ஆளு உள்ள நுழைஞ்சதும் கட்டில் காலு, துணி மூட்டை, தையல் மெஷின், ஒண்ணு விடாம காலைத் தூக்கினான். கிழவனுக்கு முதுகு முடியெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறதே நாலு பல்லு, நாலையும் காட்டினான்.

— அதான் டாக்டர் சொன்னாரே. கருத்தடை ஆபரேஷன் பண்ணாத ஆண் நாயோட வாசனையே வயசானவனுக்கு ஆகாதாம். என் வீட்ல நீ யாருடான்னு கோவம் வந்துருமாம். பண்ணிட்டா கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்னார். பண்ணியாச்சு. தையலை நக்காம இருக்க கழுத்துல பிளாஸ்டிக் புனலை மாட்டிக்கிட்டு கதவுல எல்லாம் முட்டினான், பாவம். நானும் அவனோட தரையிலதான் படுத்தேன்.

— தெரியும். அந்தப் புனல் கழுத்தை அறுக்காம ஓரத்துக்குத் துணி தச்சுக் குடுத்ததே நான்தானே.

— அப்புறம் என்னங்க?

— இன்னும் உறுமுறான், சார். நேத்து இவனை இங்க விட்டுட்டு டியூட்டிக்குப் போனீங்கல்ல, மத்தியானம் பூரா உறுமல்தான்.

— பூராவுமா?

— பூராவும். ஒரு சட்டைகூட தச்சு முடிக்க முடியல.

— டெய்லரம்மா, நேத்து சாப்பாட்டு நேரத்துல நான் இந்தப் பக்கம் வந்தேன்.

— கதவு மூடியிருந்துச்சே.

— கண்ணாடிக் கதவுதானே. பயில்வான் வயித்துல தலையை வச்சுக்கிட்டு கிழவன் தூங்கிட்டிருந்தான். நீங்க மோட்டாரை நிறுத்திட்டு, சக்கரத்தைக் கையால உருட்டித் தச்சுட்டிருந்தீங்க. ரெண்டும் முழிச்சுக்கக் கூடாதுன்னு.

— பாத்துட்டீங்களா.

— என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். வாயில்லாத ஜீவன் மேல எதுக்குப் பழி?

— பிடிக்கலைன்னு யார் சொன்னா? பிடிச்சதாலதான் பயமா இருக்கு. என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் இங்க நானும் இவனும்தான். வாசல்ல உங்க செருப்பைப் பாத்தா சந்தோஷமாத்தான் இருக்கு. ஒருநாள் அதுவும் அங்க இல்லாமப் போயிட்டா?

— அப்போ கிழவன்...

— அவன் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, சார். நான்தான் இன்னும் உறுமிட்டிருக்கேன்.