மருமகளை இறக்கிவிட்ட வண்டி

...வாழ்த்துரைன்னா ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடணும். தெரியும். பாயசம் ஆறுதுன்னு சமையல்காரர் அங்கேருந்து முறைக்கிறாரு, அதுவும் தெரியுது. பரவாயில்லை, பந்தி கொஞ்சம் பொறுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போதே ஒரு சின்னக் கதையைச் சொல்லிடுறேன். அப்புறம் உங்களை எங்க போய்ப் பிடிக்கிறது?

விழுப்புரத்துல சபாநாயகம்னு ஒருத்தர். ரிட்டயர் ஆன காசுல என்ன வாங்குனாரு? நிலமா? நகையா? ஒரு பழைய வேன் வாங்குனாரு! எந்தக் காலத்து வண்டியோ... வெள்ளைக்காரங்க யாரோ ஊர் சுத்திட்டு வித்துட்டுப் போனது. உள்ள கட்டில் இருக்கு, கேஸ் அடுப்பு இருக்கு, பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கு, ஜன்னலுக்குத் திரை இருக்கு. எல்லாம் இருக்கு... ஓடுறது மட்டும் அதோட இஷ்டம். ஆனா மனுஷனுக்குப் பெருமை தாங்கலை. "நான் வீட்டையே ஓட்டிட்டுப் போறவன்யா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

பையன் குணாளனுக்கு ஆவணியில கல்யாணம் ஆச்சு. மருமக வெண்ணிலா, புதுக்கோட்டைப் பொண்ணு. தலைதீபாவளிக்கு அழைச்சிருக்காங்க. மறுவீட்டுக்கு அப்புறம் மொத தடவையா அம்மாவைப் பாக்கப் போகுது அந்தப் புள்ள... சந்தோஷத்துல சாப்பாடே இறங்கலை. குடும்பமே வேன்ல கிளம்பிடுச்சு. சபாநாயகம் ஓட்டுறாரு, பக்கத்துல அவரு சம்சாரம் கோமளவல்லி, பின்னாடி கட்டில்ல பொண்ணும் மாப்பிள்ளையும்.

உளுந்தூர்பேட்டை தாண்டுச்சு. வண்டி ரெண்டு தரம் இருமுச்சு... நின்னுடுச்சு.

என்ன வியாதின்னு உங்களுக்கு மட்டும் சொல்லிடுறேன், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. பெட்ரோல் டேங்க் மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு வரும். நம்ம ஆளு ஆயுத பூஜைக்கு என்ன பண்ணியிருக்காரு? ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், டயருக்குச் சந்தனம், டேங்க் மூடிக்குக் கை நிறையச் சந்தனம்! ஓட்டை அடைச்சு, காஞ்சு, கல்லாப் போச்சு. வண்டி கொஞ்ச தூரம் ஓடும், மூச்சு முட்டி நிக்கும். மூடியைத் திறந்தா காத்து போகும், மறுபடி ஓடும். அவ்வளவுதாங்க!

ஆனா கோமளவல்லி அம்மா எங்க பாத்தாங்க? இன்ஜினையா? டேங்கையா? ...பின் கட்டிலைப் பாத்தாங்க.

"ஏங்க... நம்ம தெருவுல நல்லாத்தானே ஓடுச்சு? இன்னைக்கு யாரு புதுசா ஏறியிருக்கா? ஏம்மா வெண்ணிலா, நீ கொஞ்சம் இறங்கி நில்லும்மா."

அந்தப் புள்ள பட்டுப்புடவையோட வெயில்ல இறங்கி நின்னுச்சு. அதே நேரம் சபாநாயகம் என்ன பண்றாரு? வண்டியில பெட்ரோல் காட்டுற முள் செத்துப் பல காலம் ஆச்சு. அதனால மூடியைத் திறந்து, குச்சி விட்டு, எவ்வளவு இருக்குன்னு பாக்குறாரு. மூடிட்டு வந்து சாவியைத் திருப்புனாரு... டுர்ர்ர்ருனு கிளம்பிடுச்சு!

"பாத்தீங்களா! அவ இறங்குனா ஓடுது!"

வேப்பூர்ல நின்னுச்சு. இறங்கு வெண்ணிலா. குச்சியை விட்டாரு. ஓடுச்சு. தொழுதூர்ல நின்னுச்சு. இறங்கு வெண்ணிலா. குச்சியை விட்டாரு. ஓடுச்சு. இனிமே சாட்சி வேணுமா, விசாரணை வேணுமா? "அவளைப் பஸ்ல ஏத்தி விடுங்க, இல்லைன்னா நாம போய்ச் சேர மாட்டோம்!"

தலைதீபாவளிக்குப் போற பொண்ணு... தனியா, பஸ்ல, தீபாவளிக் கூட்டத்துல, கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு! புருஷன்னு ஒருத்தன் இருந்தானே, அவன் என்னங்க பண்ணான்? போன்ல சிக்னல் தேடிட்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை மகராசன்.

சரி, பொண்ணு போயிடுச்சு. வண்டி பறக்கணும் இல்ல? பாடாலூர்ல நின்னுடுச்சு! கோமளவல்லி யோசிச்சாங்க... யோசிச்சாங்க... "ஏங்க! அவ பொட்டி உள்ளதானே இருக்கு!"

சிரிக்காதீங்க. உங்க வீட்டுலயும் இது நடந்திருக்கும்.

பொட்டியைத் தூக்கி வண்டிக் கூரை மேல கட்டுனாங்க. சபாநாயகம் குச்சியை விட்டுப் பாத்தாரு, கயிறு கட்டுற அவசரத்துல மூடியை ரோட்டோரமே வச்சுட்டு வந்துட்டாரு. பாதி வழியிலதான் கவனிச்சாரு. டேங்க் வாயில ஒரு கந்தைத் துணியைத் திணிச்சாரு, அது வழியா காத்து தாராளமா போச்சு. அப்புறம் புதுக்கோட்டை வரைக்கும் வண்டி நிக்கவே இல்லை. கோமளவல்லி கையெடுத்துக் கும்பிட்டாங்க. "பொட்டி மேல போச்சு, பீடை விட்டுச்சு!"

அங்க புதுக்கோட்டையில என்ன நிலைமை? வாசல்ல ஆரத்தித் தட்டோட பொண்ணோட அம்மா. தெருவே வேடிக்கை பாக்குது. கசங்குன புடவையோட தனியா வந்து நிக்குது வெண்ணிலா. "மாப்பிள்ளை எங்கடி?" "பின்னால வராங்கம்மா." என் வயிறு எரியுதுங்க, இப்ப சொல்லும்போதும்.

தீபாவளி ஆச்சு. விருந்து ஆச்சு. வழியில நடந்ததையெல்லாம் இலையில உக்காந்துக்கிட்டுச் சபாநாயகமே பெருமையா சொன்னாரு. கிளம்புற அன்னைக்கு, எல்லாரும் நிக்கும்போது கோமளவல்லி சொல்றாங்க. "வெண்ணிலா, நீ பஸ்லயே வந்துடும்மா. வண்டிக்கு நீ ஆகாது."

வெண்ணிலா அழலைங்க. "சரி அத்தை, பஸ்லயே வரேன். அன்னைக்கு நான் ஏறுன பஸ்ல உக்காரவே இடமில்லை, அவ்வளவு கூட்டம். எங்கயும் பழுதாகி நிக்கலை. நான் இல்லாத உங்க வண்டி பாடாலூர்ல நின்னுச்சு. அப்ப வண்டிக்கு ஆகாதவங்க யாரு அத்தை? உள்ள உக்காந்திருந்தவங்கதானே?"

வெண்ணிலா புருஷன் பக்கம் திரும்புச்சு. "நீங்க எதுல வரீங்க?"

குணாளன் அம்மாவைப் பாத்தான். வண்டியைப் பாத்தான். போனைப் பைக்குள்ள போட்டான். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அவ பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். தாலி கட்டுனது ஆவணியில... அவனுக்குக் கல்யாணம் ஆனது அன்னைக்குத்தாங்க!

இதை ஏன் இங்க சொல்றேன்? நம்ம வீட்டுல வியாபாரம் படுத்தாலும் சரி, மாமனாருக்குச் சுகர் ஏறுனாலும் சரி, நாத்தனாருக்கு வரன் தள்ளிப் போனாலும் சரி... எங்க பழுதுன்னு குனிஞ்சு பாக்குறோமா? புதுசா வந்தவ யாருன்னு திரும்பிப் பாக்குறோம். குனிஞ்சா நம்ம அழுக்கு தெரிஞ்சுடும்ல? மாமியார்மாரே, கோபப்படாதீங்க, நானும் ஒரு மாமியார்தான். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

மாப்பிள்ளை, மாலையைச் சரி பண்ணது போதும், இங்க பாருங்க. நாளைக்கு உங்க வீட்டுல யாராவது இந்தப் பொண்ணைப் பாத்து, "நீ கொஞ்சம் இறங்கி நில்லும்மா"ன்னு சொல்லுவாங்க. கட்டாயம் சொல்லுவாங்க. அந்த நிமிஷம் நீங்களும் கூடவே இறங்கிடணும். என்ன... இறங்குவீங்களா? தலையை ஆட்டாதீங்க. பொண்ணு காதுல விழுற மாதிரி வாயைத் திறந்து சொல்லுங்க!